ஃபேன் கிறுகுது, படம் வரல்ல: வீட்டில் பூட்டிய கொம்பியூட்டர் ஓடாவிட்டால்

நான் முதன்முதலாகப் பூட்டிய கொம்பியூட்டருக்குப் படம் வரவில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை பார்த்தேன். ஃபேன் சுத்தியது, லைட் எரிந்தது, மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. போர்ட் (எல்லாப் பாகமும் குத்தும் மதர்போர்ட்) பழுது என்று நானே தீர்ப்பெழுதி, கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பார்சல் போட்டேன். ஐந்து நாள் கழித்துக் கடைக்காரர் கோல் எடுத்தார். "தம்பி, போர்ட் நல்லாத்தான் இருக்கு. புரொசசருக்குப் போற பவர் வயரைக் குத்தினீங்களா?" குத்தவில்லை. அந்த வயர் கேசிங்கின் பின்பக்கத்தில் கட்டுக்கூடப் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கொழும்பில் இருப்பவர் சந்தேகம் வந்த பாகத்தைப் பின்னேரமே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் வாங்கிய அதே வகை போர்ட்டையும் ரேமையும் மாற்றிப் போட்டுப் பார்க்க இரவல் கிடைப்பது அருமை. பார்சல் போய்த் திரும்பினால் ஒரு வாரம் போய்விடும். ஆகவே இங்கே பாகத்தைக் குற்றம் சொல்வது கடைசி வேலை. வயர், சொக்கெட், ஸ்க்ரூ, பயோஸ் (மெசின் எழும்பும்போது முதலில் ஓடும், போர்ட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு. ஆட்கள் எனக்குக் கோல் எடுத்து எப்படிச் சொல்வார்களோ, அதையே கீழே தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

கையில் ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், டொர்ச், மலிவான மல்டிமீட்டர், வெள்ளை அழிரப்பர் இருந்தால் போதும். போர்ட் வந்த மட்டைப் பெட்டியை எறிய வேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது. எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை நீளமாக அமத்தி விடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்க வேண்டாம். கழற்றி வைத்த பின்னும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

"அமத்தினா ஒண்டுமே இல்ல, செத்துப் போய்க் கிடக்கு"

வெட்கப்படாமல் முதலில் பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் அமத்தியிருந்தால் ஓன், வட்டம் போட்ட பக்கமென்றால் ஓஃப். அடுத்தது சுவர். அதே சொக்கெட்டில் மேசை விளக்கைக் குத்தி எரிகிறதா பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டை முள் சொக்கெட், புதிய வயரின் பிளக்கோ சதுர முள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அடெப்டர், அதற்கு மேல் ஒரு மல்டி பிளக். இந்த மூன்றில் எங்காவது ஒன்று ஆடிக்கொண்டிருந்தாலும் கதை முடிந்தது. நேராகச் சுவரில் குத்திப் பாருங்கள்.

அதுவும் சரியென்றால், கேசிங்கின் பொத்தானிலிருந்து போர்ட்டுக்கு வரும் மெல்லிய வயர்களைப் பாருங்கள். புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் பிழை விடும் இடம் இதுதான். பவர் பொத்தானின் வயரை எந்தப் பக்கம் திருப்பிக் குத்தினாலும் வேலை செய்யும். லைட்டுகளின் வயருக்குத்தான் கூட்டல், கழித்தல் உண்டு. ஆனால் ஒரு முள் தள்ளிக் குத்தினால் பொத்தான் வெறும் பொத்தான்தான். வயரைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் புத்தகத்தில் பவர் சுவிட்ச் என்று காட்டியிருக்கும் இரண்டு முள்ளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் போர்ட்டில் பிழையில்லை, பொத்தானிலோ அதன் வயரிலோதான் பிழை.

ஓடவில்லையா? பவர் சப்ளையைத் தனியாக எழுப்பிப் பார்க்கலாம். எல்லாப் பாகத்திலிருந்தும் அதன் வயர்களைக் கழற்றி, 24 முள் உள்ள பெரிய பிளக்கில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக வரும் பவர் சப்ளை என்றால் நிறத்தை நம்ப முடியாது. கொக்கி மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து 16ஆவது முள்ளைக் கண்டுபிடியுங்கள். ஃபேன் சுத்தினால் எழும்புகிறது என்று மட்டும் அர்த்தம். சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் காட்ட வேண்டும், சிவப்பு 4.75க்கும் 5.25க்கும் இடையில். சில நல்ல பவர் சப்ளைகள் சூடேறும் வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும், அதனால் மீட்டரை நம்புங்கள்.

"ஃபேன் கிறுகுது, படம் வரல்ல"

எனக்கு வரும் கோல்களில் பாதிக்கு மேல் இதுதான். ஒழுங்கு மாறாமல் பாருங்கள்.

முதலில் மொனிட்டர் வயர் எதில் குத்தியிருக்கிறது? கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட மெசினில் எச்டிஎம்ஐ வயரைக் கார்ட்டில்தான் குத்த வேண்டும். பழக்கத்தில் மேலே போர்ட்டோடு இருக்கும் வாயில் குத்திவிட்டு எத்தனை பேர் முழித்திருக்கிறார்கள்! கார்ட் இல்லாத மெசினென்றால் இன்னொரு கேள்வி: உங்கள் புரொசசருக்குப் படம் காட்டத் தெரியுமா? இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600இலும் இல்லை, 5600ஜியில் உண்டு. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று உண்டு, 7500எஃப் போன்றவற்றில் இல்லை. சில ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று எஃப் வாங்கி, கார்ட்டைப் பிறகு எடுப்போம் என்று விடுபவர்கள் அதுவரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கார்ட் இன்றைக்கே வாங்குவதில்லை என்றால் எஃப் வேண்டாம். கார்ட் இருந்தாலும்கூட, அது பழுதான நாளில் உள்ளே ஒன்று இருப்பது கை கொடுக்கும் என்பதால் நான் எஃப் இல்லாததைத்தான் சிபாரிசு செய்வேன்.

இரண்டாவது, என்னை ஏமாற்றிய அந்த வயர். போர்ட்டின் மேல் மூலையில், கூலருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 முள் சொக்கெட் ஒன்று இருக்கும். புரொசசருக்கான கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. 24 முள் பிளக்கை மட்டும் குத்தினால் ஃபேன்களும் லைட்டுகளும் உயிரோடு இருக்கும், மூளை மட்டும் பட்டினி. கிராஃபிக்ஸ் கார்ட்டின் வயரும் 8 முள்தான். ஆனால் புரொசசர் வயர் 4+4 ஆகப் பிரியும், கார்ட் வயர் 6+2 ஆகப் பிரியும். இடம் மாற்றிப் பலவந்தமாக அமத்தாதீர்கள், உள்ளே பிளஸ்ஸும் ஏர்த்தும் தலைகீழ். கழற்றிப் பூட்டும் வயர் உள்ள பவர் சப்ளையில் வேறொரு கம்பனியின் வயரைக் குத்துவதும் இதே ஆபத்துத்தான். பிளக் அழகாகப் பொருந்தும், டிஸ்க் எரியும்.

மூன்றாவது ரேம். நான்கு இடம் உள்ள போர்ட்டில் இரண்டு ரேம் போடுவதென்றால், புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். கொக்கி "டக்" என்று சத்தம் போடும் வரை அமத்துங்கள். போர்ட் வளைகிறதே என்று பயந்து அரைகுறையாக விட்டவர்கள்தான் அதிகம். வரவில்லையா, ஒரு ரேமை மட்டும் இரண்டாவது இடத்தில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்ற ரேமை. டிடிஆர்5 மெசின் என்றால் பொறுமை வேண்டும். முதல் முறை ஓன் பண்ணும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். ஆரையம்பதியில் ஒரு மச்சான் ஒவ்வொரு முப்பது நொடிக்கும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணி அரை நாள் கழித்தான். நான் போய் ஓன் பண்ணிவிட்டு பிளேன்டீ குடித்து முடிக்கப் படம் வந்துவிட்டது. அவன் இன்றைக்கும் என்னைப் பெரிய விண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நான்காவது, போர்ட்டின் ஓரத்தில் உள்ள சின்ன லைட்டுகள். இப்போது வரும் பல போர்ட்டுகளில் புரொசசர், ரேம், கார்ட், டிஸ்க் என்று நான்கு இருக்கும். ஓன் பண்ணியதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், பிழை உள்ள இடத்தில் நின்றுவிடும். அது உங்கள் போர்ட்டில் இருந்தால் பாதி வேலை மிச்சம். போர்ட் வாங்கும்போதே இது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறம் மாறும் அலங்கார லைட்டுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுப்பது மேல்.

லைட் புரொசசரில் நிற்கிறது, எல்லா வயரும் சரி என்றால் பயோஸ் பழையதாக இருக்கலாம். போர்ட் கடைத் தட்டில் ஒரு வருடம் தூங்கியிருக்கும், நீங்கள் போட்ட புரொசசர் அதற்குப் பிறகு பிறந்தது. பி450 போர்ட்டில் ரைசன் 5000, எச்610 போர்ட்டில் 14ஆம் தலைமுறை இன்டெல், இதெல்லாம் பயோஸைப் புதுப்பித்தால்தான் எழும்பும். போர்ட்டின் பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ் பொத்தான் இருந்தால் புரொசசர் வேலை செய்யாமலே பென் டிரைவ் மூலம் புதுப்பிக்கலாம். பென் டிரைவை ஃபாட்32 ஆக ஃபோர்மட் பண்ணி, புத்தகத்தில் சொன்ன பெயரைக் கோப்புக்கு வைக்க வேண்டும். பொத்தான் இல்லாவிட்டால் பழைய புரொசசர் ஒன்றை இரவல் தேட வேண்டியதுதான். அதனால் போர்ட்டுக்குக் காசு கட்டுமுன், "இந்தப் புரொசசருக்கு பயோஸ் போட்டு அனுப்புங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கொஞ்ச நேர வேலை, உங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்.

இதற்கும் மசியாவிட்டால் அந்த மட்டைப் பெட்டியை எடுங்கள். போர்ட்டைக் கேசிங்கிலிருந்து கழற்றிப் பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை, தேவையென்றால் கார்ட், இவ்வளவை மட்டும் பூட்டி ஓன் பண்ணுங்கள். படம் வந்தால் பிழை கேசிங்கிலோ கழற்றி வைத்த பாகத்திலோதான்.

"ஒரு செக்கன் சுத்திப் போட்டு நிக்குது"

எங்கோ சோட் ஆகிறது. கேசிங்கில் போர்ட்டுக்குக் கீழே பித்தளைக் கால்கள் திருகியிருக்கும். உங்கள் போர்ட்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது போர்ட்டின் முதுகில் குத்திக்கொண்டிருக்கும். கை தவறி விழுந்த ஸ்க்ரூவையும் தேடுங்கள். கேசிங்கைத் தூக்கிக் குலுக்கினால் பெரும்பாலும் தானே பதில் சொல்லும். இரண்டும் இல்லையென்றால் கார்ட்டையும் டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

"கேசிங்கில கை வெச்சா சுர்ரெண்டு அடிக்குது"

போன வருடம் எங்கள் மாமி, "மகன், உன்ட மெசின் என்னைக் கடிக்குது" என்றார். தூசு துடைக்கப் போன இடத்தில் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று கேசிங்கைத் தொட்டிருக்கிறார். மெசினில் பிழையில்லை. வீட்டில் ஏர்த் இல்லை.

பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைனிலிருந்து கேசிங்குக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேசிங்குக்கு. கசியும் கொஞ்சக் கரண்டும் ஏர்த் வயரில் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏர்த் இல்லாவிட்டால் கேசிங் 230 வோல்ட்டின் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறிது என்பதால் சுர்ரென்று கூசுவதோடு நின்றுவிடும். ஆனால் பவர் சப்ளை ஒருநாள் உண்மையாகவே பழுதாகி லைன் கேசிங்கில் பட்டால், ஏர்த் இல்லாத வீட்டில் அது ஆளைக் கொல்லும். போதாததற்கு, அப்படி மிதக்கும் மெசினை டீவியோடு எச்டிஎம்ஐ வயரால் இணைக்கும்போது இரண்டில் ஒன்றின் வாய் கருகிப் போகவும் கூடும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடெப்டர், ஏர்த் வயரே இழுக்காத பழைய வயரிங், அல்லது ஏர்த் கம்பி இருந்தும் மண் காய்ந்த நிலை. கடைசியாகச் சொன்னது கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் எழுவான்கரைக்காரருக்கு நன்றாகப் பொருந்தும். எங்கள் பக்கம் முழுக்க மணல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல் மணல் பொரிமாப் போலக் காய்ந்துவிடும், காய்ந்த மணலுக்குள் கரண்ட் இலகுவில் இறங்காது. கம்பி ஆழத்தில் ஈரம் வரை போயிருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவர் என்றால் ஏசி 750 வோல்ட்டில் வைத்துச் சொக்கெட்டை அளந்து பார்க்கலாம். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில், லைனுக்கும் ஏர்த்துக்கும் அதே அளவில், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட். லைனுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அது 90, 120 என்று மனம் போனபடி காட்டினால் ஏர்த் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் இதைச் செய்ய வேண்டாம், வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள். ஏர்த் முள்ளை நியூட்ரலோடு முடிந்துவிட்டால் சரி என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்த அன்றைக்கு உங்கள் கேசிங் முழு 230 வோல்ட்டில் நிற்கும்.

இதற்கு நேர்மாறான முறைப்பாடு, மெசினைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்பது. வீடுகளில் உள்ளது வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும் வகை. முதலில் பவர் வயரை மாற்றிப் பாருங்கள். பிறகு, மெசினைத் தனியாகக் குத்தினால் விழுகிறதா, ஃபிரிஜ், மோட்டர் எல்லாம் ஓடும்போது மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். தனியாகவே விழுந்தால் பவர் சப்ளை. மற்றபடி எல்லாச் சாமானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்த கணக்கு, அதில் பெரிய கள்ளன் வேறு எதுவாகவும் இருக்கலாம்.

"கேம் போட்டா ஓஃப் ஆகுது"

எப்படி ஓஃப் ஆகிறது என்று கேட்பேன். முதலில் மந்தமாகி, ஃபேன் இரைந்து, பிறகு ஓஃப் ஆனால் சூடு. பிளக்கைப் பிடுங்கியது போல ஒரே வெட்டில் போனால் கரண்ட். விண்டோஸின் பதிவில் கேர்னல் பவர் 41 என்று கிடப்பதைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளைதான் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒழுங்காக மூடாமல் நின்றுபோனது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

சூடென்றால் பயோஸுக்குள் போய் அசையாமல் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு 40, 50 பாகை பரவாயில்லை. பயோஸிலேயே 90ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்ட்டின் பின்பக்கம் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று வந்து ஒன்று வராவிட்டால் கூலர் சாய்ந்து நிற்கும். கூலரின் அடியில் "கழற்றவும்" என்று எழுதிய பிளாஸ்டிக் தாளோடு பூட்டியவர்களும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் வைக்கும் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், பாணுக்குப் பட்டர் பூசுவது போலத் தேவையில்லை.

கரண்ட் என்றால் யூபிஎஸ்ஸை முதலில் சந்தேகியுங்கள். பெட்டியில் 650 விஏ என்று போட்டிருந்தாலும் கொடுக்கக்கூடியது 360, 390 வாட் அளவுதான். கார்ட் உள்ள மெசினும் மொனிட்டரும் சேர்ந்து கேமில் அதைத் தொட்டுவிடும். நேராகச் சுவரில் குத்தி அதே கேமைப் போடுங்கள். ஓஃப் ஆகாமல் ஓடினால் யூபிஎஸ் சின்னது. சுவரிலும் ஓஃப் ஆனால் பவர் சப்ளை. கார்ட்டுக்கு இரண்டு சொக்கெட் இருந்தால் ஒரே வயரின் இரண்டு தலையையும் குத்தாமல் தனித்தனி வயர் இழுத்துப் பாருங்கள். பெயர் தெரியாத "600 வாட்" பெட்டியை ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தால் மேலே தேடத் தேவையில்லை. மெசினில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் பவர் சப்ளை என்பது என் கட்சி. அதற்காகக் கேசிங்கை மலிவாக எடுங்கள், புரொசசரில் ஒரு படி இறங்குங்கள்.

"விண்டோஸ் போடப் போனா டிஸ்க்கைக் காட்டுதில்ல"

11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான இன்டெல் மெசின்களில் பயோஸுக்குள் விஎம்டி என்று ஓர் அமைப்பு உண்டு. அது ஓனில் இருந்தால், எம்.2 டிஸ்க்கை (போர்ட்டிலேயே நேராகக் குத்தும் சின்னத் தட்டை டிஸ்க்) விண்டோஸ் பார்க்காமல் விடலாம். ஓஃப் பண்ணிவிட்டு மறுபடி முயலுங்கள். பயோஸிலேயே டிஸ்க் தெரியாவிட்டால், நீங்கள் வாங்கியது சாட்டா எனும் பழைய, வேகம் குறைந்த வகை எம்.2, போர்ட்டின் அந்த வாய்க்கு என்விஎம்இ எனும் வேகமான வகை மட்டும்தான் தெரியும் என்பதாக இருக்கலாம். இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. எம்.2 போட்ட பிறகு பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது கழன்ற வயராக இல்லாமலும் இருக்கலாம். சில போர்ட்டுகளில் எம்.2 வாயும் ஒரு சாட்டா வாயும் ஒரே பாதையைப் பங்கிடும், வயரை வேறு வாய்க்கு மாற்றுங்கள். 1 டீபி வாங்கினேன், 931தான் காட்டுது என்று கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு. 3200 ரேம் 2400இலோ 2666இலோ ஓடுகிறதென்றால் பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட விடும் அமைப்பு) ஓன் பண்ணினால் சரி.

நேரமும் திகதியும் ஒவ்வொரு நாளும் பிழையாகிறதா? போர்ட்டில் உள்ள சிஆர்2032 பட்டரியை மாற்றுங்கள். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

"மழை தொடங்கினதில இருந்து சில நாள் வருது, சில நாள் வருதில்ல"

ஐப்பசியில் வாடை தொடங்கியதும் இந்தக் கோல்கள் வரும், பெரும்பாலும் கடலுக்கும் வாவிக்கும் இடையில் குடியிருப்பவர்களிடமிருந்து. உப்பு ஈரம் ரேமின் மஞ்சள் பற்களில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். ரேமைக் கழற்றி, பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, போர்ட்டின் வாயையும் தூரிகையால் தட்டிவிட்டுப் பூட்டுங்கள். எனக்கு வந்த மழைக்காலக் கோல்களில் முக்கால்வாசி இதோடு முடிந்தது. மெசினை வாரக்கணக்கில் மூடி வைக்காமல் நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தேடிப் பல்லியும் பின்னால் வரும். கேசிங்கின் பின்பக்கம் கார்ட் இல்லாத ஓட்டைகளைத் தகட்டால் மூடுங்கள்.

இடி முழக்கத்துக்குப் பிறகு இன்டர்நெட் மட்டும் இல்லை, லேன் வாயில் லைட்டும் எரியவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால், மின்னல் டெலிபோன் வயர் வழியாக ரவுட்டருக்கு வந்து அங்கிருந்து லேன் வயரில் இறங்கியிருக்கும். ரவுட்டரை வேறொரு மெசினில் குத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் செத்தது உங்கள் போர்ட்டின் லேன் வாய் மட்டும்தான். அதற்காகப் போர்ட்டைக் கழற்றிப் பார்சல் போட வேண்டாம். யூஎஸ்பியில் குத்தும் லேன் அடெப்டர் ஒன்றை டவுனிலேயே வாங்கலாம்.